தங்காக்கில் கம்பியில்லா மின்னேற்றம்: தேவையா, தேறுமா?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது தங்காக். லேடாங் மலையின் அடிவாரம். ஜவுளிக்கடைகளுக்குப் பெயர்போன ஊர். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். மலேசியச் சாலைகளில் மின்சாரக் கார் அபூர்வமாக இருந்த நாளிலேயே இந்த ஊர் அதற்கான ஒரு தங்குமிடமாகிவிட்டது. 2021இல் ஷெல்லும் போர்ஷேயும் சேர்ந்து, சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் வழியில் ஆறு ஷெல் நிலையங்களில் அதிவேக மின்னேற்றிகளை நிறுவப்போவதாக அறிவித்தன. தங்காக் நிலையம் அந்த ஆறில் ஒன்று. அங்கே வந்த கருவியின் வலு 180 கிலோவாட். இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் காருக்கு 90 கிலோவாட்டாகப் பிரித்துத் தரும்.

அதே போர்ஷே 2025 செப்டம்பரில் மியூனிக் கார் கண்காட்சியில் வேறொரு வழியைக் காட்டியது: கேபிள் இல்லாமலே சார்ஜ் ஆகும் கையென் மின்சாரக் கார். தரையில் பதிந்து கிடக்கும் தட்டின் மேல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். ஓட்டுபவர் இறங்கித் தன் வேலையைப் பார்க்கலாம். வலு 11 கிலோவாட், செயல்திறன் 90 விழுக்காடு வரை என்கிறது நிறுவனம்.

இந்த அறிவிப்பும் இதுபோன்ற மற்ற அறிவிப்புகளும் வந்த பிறகு, கம்பியில்லா மின்னேற்றச் சந்தை பல மடங்கு பெருகப்போகிறது என்ற பேச்சு வலுத்திருக்கிறது. மலேசியா தன் மின்னேற்றக் கட்டமைப்பை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறது. எந்த வழிக்குப் பணம் போடுவது என்ற முடிவு இந்தச் சில ஆண்டுகளில் எடுக்கப்படும்; அதன் பலனையோ பாரத்தையோ தங்காக் போன்ற ஊர்கள் இருபது ஆண்டுகள் சுமக்கும். அதனால் இந்தத் தொழில்நுட்பத்தை இங்கேயே, இந்த ஊரின் தேவையை வைத்தே எடைபோட வேண்டும்.

சந்தை என்று சொல்லப்படுவது எது?

முதலில், சந்தை அறிக்கைகளின் வளர்ச்சி விழுக்காடுகளைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. பத்துப் பேர் வாங்கும் பொருளை நூறு பேர் வாங்கினால் வளர்ச்சி பத்து மடங்கு. ஆனால் வாங்கியவர்கள் நூறு பேர்தான். கம்பியில்லா மின்னேற்றத்தின் இதுவரையான வரலாற்றைப் பார்த்தால் அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பது தெரியும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜான் பாய்ஸும் கிராண்ட் கோவிக்கும் தூண்டல் வழி மின்கடத்தலைப் பல்லாண்டுகள் வளர்த்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த ஹேலோ ஐ.பி.டி. என்ற நிறுவனத்தை 2011இல் குவால்காம் வாங்கியது. எட்டு ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு 2019இல் வைட்ரிசிட்டியிடம் கொடுத்தது. வைட்ரிசிட்டியோ, எம்.ஐ.டி.யில் மரின் சொல்யாசிச் குழு 2007இல் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து 60 வாட் விளக்கை எரியவைத்த சோதனையிலிருந்து எழுந்த நிறுவனம். காப்புரிமைகள் கைமாறின, முதலீடுகள் வந்தன. சாதாரணக் குடும்பம் வாங்கும் காரில் மட்டும் மின்னேற்றத்தை ஏற்கும் சுருள் வந்து சேரவில்லை. 2018இல் பி.எம்.டபிள்யூ தன் 530இ காருக்கு 3.2 கிலோவாட் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்றரை மணி நேரத்தில் அந்தச் சிறிய பேட்டரி நிரம்பியது. அதற்குப் பின் வந்த மாடல்களில் அது பரவவில்லை.

இந்த நீண்ட தாமதத்தை வைத்து மட்டும் ஒரு தொழில்நுட்பத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், அடுத்த ஐந்தாண்டில் எல்லார் வாசலுக்கும் வந்துவிடும் என்று சொல்பவரிடம், முந்தைய பதினைந்தாண்டில் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆற்றல் இழப்பு: பலமற்ற எதிர்வாதம்

கம்பியில்லா முறையை எதிர்ப்பவர்கள் முதலில் எடுப்பது, காற்றில் மின்சாரம் வீணாகிறது என்ற வாதம். இதை நேர்மையாகச் சோதித்தால் அவ்வளவாக நிற்கவில்லை.

தரைத்தட்டிலுள்ள சுருளில் நொடிக்கு ஏறத்தாழ 85,000 முறை முன்னும் பின்னும் அலைவுறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் காரின் அடியிலுள்ள சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தூண்டல்தான். இரண்டு சுருள்களும் ஒரே அதிர்வெண்ணுக்கு ஒத்திசைக்கப்பட்டிருப்பதால் இடைவெளி இருந்தும் இழப்பு கட்டுக்குள் நிற்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2024இல் 100 கிலோவாட்டை 96 விழுக்காடு செயல்திறனுடன் ஒரு ஹூண்டாய் கோனாவுக்குக் கடத்திக் காட்டியது.

கேபிளில் ஏற்றினாலும் இழப்பு இல்லாமல் போவதில்லை. வீட்டு மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது காருக்குள்ளேயே ஒரு பங்கு வெப்பமாகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் கார், நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். பேட்டரிக்குப் போய்ச்சேர வேண்டியது 2,400 யூனிட். கேபிள் வழி 90 விழுக்காடும் தட்டின் வழி 85 விழுக்காடும் செயல்திறன் என்றால், இரண்டுக்கும் வேறுபாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 157 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்துக்கொண்டால் 80 ரிங்கிட்டுக்கும் குறைவு. ஒரு குடும்பத்துக்கு இது முடிவை மாற்றும் தொகை இல்லை.

கதிர்வீச்சு பற்றிய அச்சமும் இப்படித்தான். மக்களுக்கான அனைத்துலக வழிகாட்டு வரம்பு இந்த அதிர்வெண்ணில் 27 மைக்ரோடெஸ்லா. காருக்கு வெளியே நிற்பவரிடம் புலம் அந்த வரம்பைத் தாண்டாதபடிதான் தட்டுகள் வடிவமைக்கப்படுகின்றன. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்கு அதைவிடக் கடுமையான வரம்பு உண்டு. ஆக, இந்த இரண்டு காரணங்களுக்காக யாராவது கம்பியில்லா முறையை நிராகரித்தால், அந்த நிராகரிப்பு ஏற்கத்தக்கதல்ல.

நேரம்: தங்காக்கின் இரண்டு தேவைகள்

சிக்கல் நேரத்தில் தொடங்குகிறது. தங்காக்கில் மின்னேற்றம் தேவைப்படுபவர்கள் இரண்டு வகை. ஒருவர் நெடுஞ்சாலைப் பயணி; சிங்கப்பூரிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ புறப்பட்டு, கோலாலம்பூர் போகும் வழியில் நிற்பவர். மற்றவர் ஊரில் வாழ்பவர், அல்லது ஜவுளி எடுக்க வந்து ஓரிரு மணி நேரம் கடைத்தெருவில் இருப்பவர்.

பயணிக்கு 30 யூனிட் வேண்டும் என்று கொள்வோம். இன்னும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓட அது போதும். 90 கிலோவாட்டில் 20 நிமிடம். கார் தாங்குமானால் 180 கிலோவாட்டில் 10 நிமிடம். 11 கிலோவாட் தட்டில் இரண்டே முக்கால் மணி நேரம். பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலை நிரம்பி வழியும்போது ஒரு காரை இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்துவைக்கும் இடத்துக்கு வரிசையில் யார் நிற்பார்? ஆய்வகத்தின் 100 கிலோவாட் ஒருநாள் விற்பனைக்கு வரலாம். ஆனால் கார்களுக்கான கம்பியில்லா மின்னேற்றத்தின் அமெரிக்கத் தரநிலையான எஸ்.ஏ.இ. ஜே2954, 2020இல் வெளியானபோது 11 கிலோவாட் மட்டத்தோடு நின்றது. நெடுஞ்சாலைப் பயணிக்கு இன்றைய கம்பியில்லா முறை பயன்படாது.

கடைத்தெரு விஷயம் வேறு. ஒன்றரை மணி நேரம் துணிக்கடையில் இருப்பவரின் காருக்கு 11 கிலோவாட்டில் 16 யூனிட் ஏறும். நூறு கிலோமீட்டர் ஓடலாம். மலாக்காவிலிருந்தோ மூவாரிலிருந்தோ வந்தவர் திரும்பிப்போக அது தாராளம். கம்பியில்லா முறைக்குத் தங்காக்கில் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு இதுதான். அதனால்தான் இங்கே அதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே 11 கிலோவாட்டை, சுவரிலோ கம்பத்திலோ மாட்டிய சாதாரண மாறுதிசை மின்னேற்றியும் தருகிறது. மலேசியாவில் விற்கும் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் எல்லாமே அதில் செருகிக்கொள்ளும். தெருவைத் தோண்ட வேண்டாம். காரைக் குறிப்பிட்ட புள்ளியில் துல்லியமாக நிறுத்த வேண்டாம். தட்டு நமக்கு மிச்சப்படுத்துவது, கேபிளை எடுத்துச் செருகும் அரை நிமிட வேலை மட்டுமே.

மலேசியாவில் குறை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 இறுதிக்குள் 10,000 பொது மின்னேற்றிகள் என்று அரசு இலக்கு வைத்தது. அதில் 9,000 மெதுவான மாறுதிசை வகை, 1,000 வேகமான நேர்மின் வகை. வேக வகை இலக்கைத் தாண்டிவிட்டது. மெதுவான வகை வெகுவாகப் பின்தங்கியதால் மொத்த இலக்கு காலக்கெடுவுக்குள் எட்டவில்லை. கடைத்தெருவிலும் அடுக்குமாடியிலும் அலுவலக வாசலிலும் இருக்க வேண்டிய எளிய கம்பங்களே நமக்குக் குறைவு. அந்த இடத்தில், அதே வேகத்துக்குக் கூடுதல் விலை கேட்கும் கருவியை வைப்பதற்குக் காரணம் மிக வலுவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று என் கண்ணுக்குப் படவில்லை.

யார் தட்டில் யார் கார்?

மலேசியாவில் அதிகம் விற்ற பி.ஒய்.டி. அட்டோ 3, டெஸ்லா மாடல் ஒய், 2024 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 7 ஆகிய எதிலும் ஆலையிலேயே பொருத்திய ஏற்புச்சுருள் இல்லை. பொது இடத்தில் தட்டு வைத்தால் இன்று அதைப் பயன்படுத்தக்கூடியவர், விலை உயர்ந்த கார் வைத்திருக்கும் மிகச் சிலர். பொதுப்பணத்தில் அமைப்பதானால் இது வசதியற்றவரிடமிருந்து எடுத்து வசதியுள்ளவருக்குக் கொடுப்பதாகிவிடும்.

அமெரிக்கத் தரநிலை ஒருபுறம், சீனா 2020இல் வெளியிட்ட தன் தரநிலை மறுபுறம். நம் சாலைகளில் பெருகுபவை சீனக் கார்கள். எந்தத் தட்டு எந்தக் காருக்கு முழு வலுவையும் தரும் என்று உறுதிப்படாத நிலையில் தெருவைத் தோண்டினால், பிறகு மறுபடியும் தோண்டுவோம்.

இந்தத் தவறு ஒருமுறை நடந்திருக்கிறது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஈ.வி.1 காரும் தூண்டல் முறையில்தான் சார்ஜ் ஆனது. கேபிள் இருந்தது, ஆனால் அதன் முனையில் உலோகத் தொடர்பு இல்லாத தட்டையான துடுப்பு. பாதுகாப்பானது, மழையில் நனைந்தாலும் பயமில்லை என்று சொல்லப்பட்டது, அது உண்மையும்கூட. 2001இல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் நேரடித் தொடர்பு முறையைத் தரநிலையாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் துடுப்பைக் கைவிட்டது. நிறுவிய மின்னேற்றிகள் பயனற்றுப் போயின. தொழில்நுட்பத்தில் குறை இருந்து அது தோற்கவில்லை. எல்லாக் காரும் ஏற்கும் பொதுமுறையாக வளர முடியாமல் தோற்றது. மலேசியா இன்று டைப் 2, சி.சி.எஸ். 2 என்ற கேபிள் முனைகளின் பொதுமுறையில் உறுதியாக நிற்கிறது. அந்த ஒற்றுமையைக் கலைப்பது பெரிய விலை.

தரையும் வெள்ளமும்

வெளிநாட்டு அறிக்கைகள் பேசாத ஒன்றை இந்த ஊர்க்காரர் கேட்பார்: தண்ணீர் வந்தால்? 2023 மார்ச்சில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தபோது பத்து பகாட், சிகாமாட், மூவார் ஆகியவற்றோடு தங்காக் மாவட்டமும் பாதிக்கப்பட்டது.

தட்டுகள் நீர்புகாமல் அடைக்கப்பட்டவை. மழையிலும் வேலை செய்பவை. ஆனால் வெள்ளம் விட்டுப்போகும் சேறு, தகரத்துண்டு, கம்பித்துண்டு ஆகியவை தட்டின் மேல் தங்கும். உலோகம் காந்தப்புலத்தில் சூடாகும் என்பதால், அந்நியப் பொருளைக் கண்டால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். காரின் அடியில் பூனை படுத்தாலும் நிறுத்த வேண்டும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் இரவில் மின்னேற்றம் நின்றுபோனது காலையில்தான் தெரியும். சுவரில் மாட்டும் கருவியை வெள்ளக்கோட்டுக்கு மேலே மாட்டலாம். தட்டு தரையில்தான் கிடந்தாக வேண்டும். அதற்கு வேறு இடமில்லை. தாழ்நிலக் குடியிருப்புகளுக்கு இது பெரிய குறை.

ஓடும்போதே சார்ஜ்: நெடுஞ்சாலைக் கனவு

சாலைக்கடியிலேயே சுருளைப் புதைத்துவிட்டால் நிற்கவே வேண்டாமே என்ற எண்ணம் மிகவும் கவர்ச்சியானது. ஸ்வீடனின் காட்லாந்து தீவிலும், 2023 நவம்பரில் டெட்ராய்ட் நகரத் தெருவில் கால் மைல் நீளத்திலும், 2025இல் பாரிஸுக்குத் தென்மேற்கே ஏ10 நெடுஞ்சாலையில் ஒன்றரை கிலோமீட்டரிலும் இது சோதிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சோதனையில் சராசரி வலு 200 கிலோவாட்டைத் தாண்டியது என்பது மெய்யான சாதனை.

கணக்கைப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கனரக மின்லாரி கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் எடுக்கிறது என்றால் அதற்கு 104 கிலோவாட் வேண்டும். சாலை 200 கிலோவாட் தந்தாலும், பேட்டரி குறையாமல் ஓட வழியில் பாதித் தொலைவுக்குச் சுருள் இருந்தாக வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 772 கிலோமீட்டர். பாதி 386 கிலோமீட்டர், அதுவும் ஒவ்வொரு திசைக்கும். ஸ்வீடன் தன் ஈ20 சாலையில் வெறும் 21 கிலோமீட்டரை மின்சாலையாக்க முயன்றது. ஒப்பந்தப்புள்ளிகள் ஒதுக்கிய நிதியைத் தாண்டியதால் 2023இல் அந்தக் கொள்முதலை நிறுத்தியது. கனமழையும் கனரக லாரிகளும் தேய்க்கும் நம் சாலைகளில், மேற்பரப்பைச் சுரண்டிப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சுருளையும் காக்க வேண்டும். மலேசியாவுக்கு இது இப்போதைக்கு ஆய்வுப்பொருள், திட்டமாக்கத் தகுந்ததல்ல.

எங்கே வெல்கிறது?

இத்தனைக்குப் பிறகும் கம்பியில்லா முறையை முற்றிலும் ஒதுக்கிவிட என்னால் முடியாது. சில இடங்களில் அது கேபிளைவிட மேலானது.

முதல் இடம் பேருந்து. ஒரே வாகனம், ஒரே நிறுத்தம், நாளுக்குப் பலமுறை. தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனம் உருவாக்கிய பேருந்துகள் 2013இல் குமி நகரில் 24 கிலோமீட்டர் தடத்தில் ஓடின. சாலையின் சிறு பகுதியில் மட்டுமே சுருள். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் 2014 முதல் 7ஆம் தடப் பேருந்துகள் முனையங்களில் சில நிமிடம் தட்டின் மேல் நின்று மின்னேற்றிக்கொண்டன. அமெரிக்காவின் வெனாச்சியில் 2018இல் 200 கிலோவாட் தட்டு வந்தது. இங்கே தரநிலைச் சிக்கல் இல்லை. பேருந்தும் தட்டும் ஒரே நிர்வாகத்துக்குச் சொந்தம். துல்லியமாக நிறுத்துவது பயிற்சி பெற்ற ஓட்டுநருக்குப் பழகிய வேலை. அடிக்கடி ஏற்றுவதால் பேட்டரியைச் சிறிதாக்கலாம். மிச்சம் அங்கே கிடைக்கிறது. மேலிருந்து இறங்கும் மின்தொடுகை முறையும் இதே வேலையைச் செய்கிறது என்பதால், இரண்டையும் ஒப்பிட்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு வாகனங்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். திருவனந்தபுரம் சி-டாக் ஆய்வு மையமும் நாக்பூர் வி.என்.ஐ.டி. கல்வி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 1.5 கிலோவாட் கம்பியில்லா மின்னேற்றியின் தொழில்நுட்பம் 2025இல் ஓர் இந்திய நிறுவனத்துக்குக் கைமாற்றப்பட்டது. 12.5 சென்டிமீட்டர் இடைவெளியிலும் ஏறத்தாழ 89 விழுக்காடு செயல்திறன். ஒரே நிறுத்தத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் வாகனத்துக்கு ஏற்ற அளவு அது.

இரண்டாவது, கேபிளைத் தூக்க முடியாதவர்கள். அதிவேக மின்னேற்றியின் கேபிள் கனமும் விறைப்பும் கொண்டது. சக்கர நாற்காலியிலிருந்து அதை இழுத்துச் செருகுவது எத்தனை கடினம் என்பதை நம் மின்னேற்ற நிலையங்களைத் திட்டமிட்டவர்கள் போதுமான அளவு எண்ணிப்பார்க்கவில்லை. மாற்றுத்திறனாளிக்கும் மூட்டுவலியோடு வாழும் முதியவருக்கும் தட்டு தருவது சொகுசு என்று சொல்லக்கூடாது. பிறர் உதவியின்றி வாகனம் ஓட்டும் உரிமை அது. மற்றவர்களுக்கு மிச்சமாகும் அரை நிமிடத்தை நான் சிறிதென்று சொன்னேன். இவர்களுக்கு அந்த அரை நிமிடமே தடை.

மூன்றாவது, ஓட்டுநரே இல்லாத வாகனங்கள். 2024 அக்டோபரில் டெஸ்லா தன் சைபர்கேப்பைத் தூண்டல் முறையில் சார்ஜ் ஆகும் காராகவே அறிமுகம் செய்தது. கேபிள் செருக ஆள் இல்லாத காருக்குத் தட்டு இயல்பான துணை. ஆனால் அந்தக் காலம் தங்காக்குக்கு அருகில் இல்லை.

தீர்ப்பு

தனியார் கார்களுக்கான கம்பியில்லா மின்னேற்றம், தங்காக் போன்ற ஊருக்கு இன்று தேவையில்லை. வேகத்தில் நெடுஞ்சாலைப் பயணிக்குப் போதவில்லை. ஊர்க்காரருக்குத் தருவதைக் கம்பம் குறைந்த விலையில், எல்லாக் கார்களுக்கும் தருகிறது. வாங்க விரும்பும் தனிமனிதர் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். பொதுப்பணமோ வரிச்சலுகையோ அதற்குப் போகக் கூடாது. நெடுஞ்சாலையில் சுருள் புதைக்கும் திட்டம் எந்த வடிவில் வந்தாலும் இப்போது ஏற்கத் தகுந்ததல்ல.

பேருந்துக்கு இதற்கு மாறான தீர்ப்பு. ஜொகூர் பாரு லார்க்கின் போன்ற பெரிய முனையத்தில், குறிப்பிட்ட ஒரு தடத்தில், மின்தொடுகை முறையோடு பக்கத்துப் பக்கம் வைத்து ஒரு சோதனை நடத்தலாம். ஒரு பருவமழைக் காலத்தையாவது அது தாண்ட வேண்டும். பழுது, செலவு, பேருந்து ஓடிய நேரம் எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம்: வீட்டில் தட்டு வைக்க விரும்பும் தகுதியுள்ளவருக்கு உதவித்தொகை தரலாம், பொது நிலையங்களில் தாழ்வான, இலகுவான கேபிள் உள்ள இடம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம்.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடியவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார்கள் பலவும் ஆலையிலேயே ஏற்புச்சுருளுடன் வர வேண்டும். எந்த நிறுவனத்தின் காரும் எந்தத் தட்டிலும் முழு வலுவுடன் ஏற்றிக்கொள்ளும் என்று மலேசியத் தரநிலை உறுதிசெய்ய வேண்டும். தட்டும் சுருளும் சேர்ந்த விலை சுவர்க் கருவியின் விலைக்கு அருகில் இறங்க வேண்டும். மூன்றும் நடந்த நாளில் தங்காக் கடைத்தெருவில் தட்டு பதிப்பதை நானே ஆதரித்து எழுதுவேன்.

அதுவரை அந்தக் கடைத்தெருவுக்கு வேண்டியது பழுதில்லாமல் வேலை செய்யும் மாறுதிசை மின்னேற்றிகள், எல்லாச் செயலியிலும் பணம் கட்டும் வசதி, பெட்ரோல் கார் ஆக்கிரமிக்காத நிறுத்துமிடம். இவை புதுமையாகத் தோன்றாது. கண்காட்சியில் வைத்துக் காட்டவும் முடியாது. ஆனாலும் தங்காக்கில் அடுத்த குடும்பம் மின்சாரக் கார் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யப் போவது இவைதான். உள்ளாட்சியின் பணமும் அரசின் கவனமும் முதலில் இவற்றுக்கே போக வேண்டும்.